காலியாக விட்ட கட்டை: சாஸ்க்வாட்சை நடுவில் வைத்துக் கூடும் எங்கள் கூட்டம் பற்றி ஒரு கேள்வி

#1 ஈரப்பாசி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் மழைக்காட்டை ஒட்டி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது இருபத்தைந்து பேர் கூடுகிறோம். இடம் எங்களில் ஒருவருடைய சொந்த நிலம். மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கூட்டத்தின் நடுவில் இருப்பது சாஸ்க்வாட்ச், அதாவது பிக்ஃபூட் என்று உலகம் சொல்கிற அந்தக் காட்டு உருவம். கும்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை. விளையாடுகிறீர்களா என்று கேட்டால் ஆமாம். ஆனால் ஒரு குழந்தை விளையாட்டில் எப்படி முழுசாக இறங்கிவிடுமோ, அப்படி.

முதலில், விழுந்து கிடக்கும் ஒரு பெரிய கட்டையில் தடியால் மூன்று முறை தட்டுவோம். பிக்ஃபூட்டைத் தேடிப் போகிறவர்கள் இப்படி மரத்தைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வழக்கம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். உயிருள்ள மரத்தைத் தட்ட மாட்டோம். தட்டிய பிறகு கால் மணி நேரம் யாரும் பேசுவதில்லை. அந்த நேரத்தில் வருவது எதுவானாலும் அதுதான் பதில். மரங்கொத்தியாக இருக்கலாம், ஓடையாக இருக்கலாம், பக்கத்தில் இருப்பவரின் பெருமூச்சாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது 'பெரிய கால் நடை'. நம் பாதம் 16 அங்குலம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சுள்ளி முறியாமல் நடக்க வேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும், பத்தடி போவதற்குள் உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிறது. பெரிய உருவமாக இருந்துகொண்டு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருப்பது எப்படி என்பதை எனக்கு எந்தப் போதனையும் சொல்லித் தரவில்லை, இந்த நடை சொல்லித் தந்தது.

கடைசியில் வட்டமாக உட்காருவோம். உட்கார அறுத்த மரக்கட்டைகள் இருக்கின்றன. எத்தனை பேர் வந்தாலும் ஒரு கட்டையைக் காலியாக விடுவோம். அது வராதவருக்கு. சாஸ்க்வாட்சுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். போன வருடம் இறந்துபோன மனைவிக்கு என்று ஒருவர் நினைக்கிறார். யாரும் யாரையும் திருத்துவதில்லை. யாராவது தாமதமாக வந்தால் அந்தக் கட்டையில்தான் உட்கார வைப்போம். நான் முதல் நாள் வழி தவறி நாற்பது நிமிடம் பிந்திப் போனேன். என்னை அங்கேதான் உட்கார வைத்தார்கள். அந்த உணர்வை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு விதிதான். "பார்த்தேன்" என்று சொல்கிறவரிடம் "நிரூபி" என்று கேட்கக் கூடாது. "நான் நம்பவில்லை" என்று சொல்கிறவரிடம் "பொறு, ஒருநாள் தெரியும்" என்றும் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியால் தேவாலயம் தவறாமல் போகிறவரும், கடவுள் இல்லை என்பவரும், மரம் வெட்டி ஓய்வு பெற்றவரும், மகளோடு வரும் இரண்டு அம்மாக்களும், சக்கர நாற்காலியில் வரும் நண்பரும் ஒரே வட்டத்தில் உட்கார முடிகிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கூட்டத்தில் சிலர் இதை முறைப்படி ஒரு ஆன்மிக அமைப்பாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் ஏன் தயங்குகிறேன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கணக்குப்பிள்ளை

ஈரப்பாசி, அழகாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூட்டத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் நேராகக் கேட்கிறேன். அடியில் இருப்பது பொய் என்று தெரிந்தால் மேலே கட்டியது நிற்குமா?

'பிக்ஃபூட்' என்ற சொல் பரவியது 1958இல். வடக்குக் கலிபோர்னியாவின் பிளஃப் க்ரீக்கில் சாலை போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெர்ரி க்ரூ என்ற புல்டோசர் ஓட்டுநர் பெரிய கால்தடங்களைப் பார்த்து, அதைப் பிளாஸ்டரில் வார்த்து எடுத்தார். ஹம்போல்ட் டைம்ஸ் நாளிதழில் செய்தியும் படமும் வந்தன, அங்கிருந்து நாடு முழுக்கப் போனது. அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்தவர் ரே வாலஸ். அவர் 2002இல் இறந்த பிறகு, தடம் பதிக்க அவர் பயன்படுத்திய மரத்தில் செதுக்கிய பாதங்களைக் குடும்பத்தாரே வெளியே காட்டினார்கள். அதே பிளஃப் க்ரீக்கில் 1967 அக்டோபர் 20 அன்று பேட்டர்சன், கிம்லின் என்ற இருவர் பிக்ஃபூட் நடந்து போகிறது என்று சொல்லி எடுத்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான திரைப்படத் துண்டை வைத்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தவையும் உண்டு. பீட்டர் பர்ன் என்ற தேடலாளர் 1976இல், பிக்ஃபூட்டுடையதாக இருக்கலாம் என்று, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு முடி மாதிரி அனுப்பினார். 1977இல் வந்த பதில், மான் குடும்பத்து முடி. அந்தக் கோப்பு 2019இல் பொதுவெளிக்கு வந்தது. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் பல நாடுகளிலிருந்து வந்த முடிகளைச் சோதித்தார். டிஎன்ஏ கிடைத்தவை 30. கரடி, குதிரை, மாடு, முள்ளம்பன்றி, ரக்கூன் என்று வந்தது, ஒரு மனித முடியும் இருந்தது. அறியாத விலங்கு ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அதை ஏன் நடுவில் வைக்க வேண்டும்? காட்டில் அமைதியாக உட்கார ஒரு மரம் போதாதா?

#3 தேவதாரு

கணக்குப்பிள்ளை தம்பி சொன்ன தகவல்கள் சரி. ஆனால் கதை 1958இல் ஆரம்பிக்கவில்லை. அங்கே ஆரம்பித்தது செய்தித்தாள் கதை.

'சாஸ்க்வாட்ச்' என்பதே ஹல்கொமேலம் என்ற பூர்வகுடி மொழியின் 'சாஸ்கெட்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹாரிசன் ஏரிப் பக்கம் வாழும் ஸ்டெஹேலிஸ் மக்களின் ஊரில் ஆசிரியராக இருந்த ஜே. டபிள்யூ. பர்ன்ஸ், அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு 1929இல் மக்லீன்ஸ் இதழில் எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது அவர் எழுத்து வழியாகத்தான். அந்த மக்களுக்கு அது தேடிப் பிடிக்க வேண்டிய குரங்கு இல்லை. நிலத்தைக் காக்கிறவர். கண்ணுக்குத் தெரிகிற உலகத்துக்கும் தெரியாத உலகத்துக்கும் நடுவில் போய் வருகிறவர். கண்ணில் பட்டால் நல்லது என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் போய் முடியைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்பது பொருந்தாத கேள்வி.

இன்னும் வடக்கே க்வாக்வகாவாக் என்ற பூர்வகுடி மக்களிடம் ட்ஸூனுக்வா இருக்கிறாள். காட்டுப் பெண். முதுகில் கூடையோடு வந்து குழந்தைகளைத் தூக்கிப் போவாள், செல்வமும் கொடுப்பாள். அவளுக்கு முகமூடி உண்டு, ஆட்டம் உண்டு, அந்த ஆட்டம் ஆட உரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. இவையெல்லாம் வெளிப்படும் பாட்லாட்ச் என்ற விருந்துச் சடங்கைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. 1921இல் ஒரு பெரிய கூட்டத்துக்குப் பிறகு ஆட்களைக் கைது செய்து முகமூடிகளையும் பறித்துக்கொண்டார்கள். ஆடியதற்காகச் சிறைக்குப் போனவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

எனவே என் கேள்வி வேறு. ஈரப்பாசி, உங்கள் வட்டத்தில் காலியாக ஒரு கட்டை விடுகிறீர்கள், ரொம்ப நல்லது. ஆனால் இந்தக் கதையை முதலில் சொன்னவர்களுக்கு உங்கள் வட்டத்தில் என்ன இடம்? எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்வது எளிது. நாம் உட்கார்ந்திருக்கும் திண்ணை யாருடையது என்று கேட்டுக்கொள்வது அதைவிடக் கஷ்டம்.

#4 ஈரப்பாசி

இரண்டு பேருக்கும் நன்றி. தேவதாரு அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கணக்குப்பிள்ளைக்கு. நீங்கள் சொன்ன அத்தனையும் எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ரே வாலஸின் மரப்பாதம் பற்றி எங்கள் மரவெட்டிப் பெரியவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவரே மரத்தில் ஒரு ஜோடிப் பாதம் செதுக்கி வைத்திருக்கிறார், குழந்தைகள் ஈரமண்ணில் பதித்து விளையாட. மறைக்க எதுவும் இல்லாததால் அது ஏமாற்று இல்லை.

ஒரு மரம் போதாதா என்று கேட்டீர்கள். போதும், சிலருக்கு. ஆனால் மரத்தைப் பார்க்கும்போது நான் ஏற்கெனவே பார்த்து முடித்ததைத்தான் பார்க்கிறேன். எதையோ எதிர்பார்த்து ஒரு காட்டுக்குள் போகும்போது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. இந்த மேற்குக் கரையிலேயே ஒரு உதாரணம் உண்டு. மார்பிள்ட் மர்லெட் என்று ஒரு சின்னக் கடல் பறவை. அறிவியலுக்கு 1789 முதல் தெரியும், கடலில் தினமும் கண்ணில் படும். ஆனால் இந்தக் கண்டத்தின் மேற்குக் கரையில் அது எங்கே முட்டையிடுகிறது என்று பறவையியலாளர்களுக்குப் பல தலைமுறையாகப் புரியவில்லை. 1974இல் கலிபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில், பெரிய மரம் ஒன்றில் ஏறி வேலை செய்துகொண்டிருந்த ஒரு பணியாளர், தரையிலிருந்து ஏறத்தாழ 150 அடி உயரத்தில், கிளையின் பாசி மேல் ஒரு குஞ்சு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கடல் பறவை, கரையிலிருந்து மைல் கணக்கில் உள்ளே, முதிர்ந்த காட்டின் உச்சியில்! மரத்தை வெட்டினால் அதன் வீடும் போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சாஸ்க்வாட்ச் இருக்கிறது என்பதற்கு இதை ஆதாரமாகச் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். காட்டை நாம் படித்து முடிக்கவில்லை என்ற நினைப்போடு உள்ளே போகிறவனுக்கும், எல்லாம் தெரியும் என்று போகிறவனுக்கும் நடக்கிற விதமே வேறு. அதைத்தான் சொல்கிறேன். சாஸ்க்வாட்ச் எங்களுக்கு அந்த நினைப்பின் முகம்.

இப்போது தேவதாரு அக்காவுக்கு. போன வருடம் இலையுதிர்காலத்தில் குழந்தைகளுக்காக ஒரு முகமூடி நாள் வைத்தோம். இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து அட்டையில் வரைந்தோம். அதில் கறுப்பு முகமும் குவிந்த சிவப்பு உதடுமாக ஒன்று இருந்தது. அது ட்ஸூனுக்வா என்று நேற்று நீங்கள் எழுதியதைப் படித்துத் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு சிறுவன் அதைப் போட்டுக்கொண்டு ஓடினான், நாங்கள் கை தட்டினோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் ஒருவருடைய தாத்தா அதை ஆடியதற்காகச் சிறைக்குப் போயிருக்கிறார் என்றால், நாங்கள் கை தட்டியது எப்படிப்பட்ட கை தட்டல்? அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லப் போகிறேன்.

#5 மழைக்குடை

பதிவு பண்ண வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தியானக் குழுவில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் உங்கள் வட்டம் மாதிரியே எட்டுப் பேர், ஒரு அறை, ஒரு விளக்கு. அப்புறம் ஒருவர் தனக்குக் காட்சி கிடைத்தது என்றார். அடுத்த மாதம் இன்னொரு காட்சி. ஆறு மாதத்தில் அவருக்கு மட்டும் தனி இருக்கை வந்துவிட்டது. ஒரு வருடத்தில் அவரிடம் கேட்காமல் வேலையை மாற்றிக்கொள்ளக்கூட யாருக்கும் துணிவு இல்லை. நான் வெளியே வந்தபோது என் சொந்தத் தங்கையோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

உங்கள் பதிவில் எனக்குப் பிடித்தது காலிக் கட்டைதான். முக்கியமான இருக்கையில் எந்த மனிதரும் நிரந்தரமாக உட்கார முடியாது. கடைசியாக வருகிறவருக்கு அது போகிறது. இதை நீங்கள் எவ்வளவு யோசித்து வைத்தீர்கள் என்று தெரியாது. ஆனால் நான் இருந்த குழுவில் அப்படி ஒரு கட்டை இருந்திருந்தால் என் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். பதிவு செய்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரும். நாற்காலி வந்தால் நாற்காலிக்கு ஆசை வரும்.

"பார்த்தேன்" என்பவரிடம் நிரூபி என்று கேட்கக் கூடாது என்ற விதி எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. "பார்த்தேன், அது உங்களை இப்படிச் செய்யச் சொன்னது" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

#6 ஒற்றைத்தடம்

சட்டப் பக்கம் கொஞ்சம் தெரியும், எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஒரு தேவாலயமோ மதக் கூட்டமோ நிபந்தனைகளுக்கு உட்பட்டு இருந்தால், தனியாக விண்ணப்பிக்காமலே வருமான வரி விலக்கு உண்டு. அதில் முக்கியமான நிபந்தனை, வருகிற பணம் எந்தத் தனி மனிதரின் பைக்கும் லாபமாகப் போகக் கூடாது. நீங்கள் பணமே வாங்குவதில்லை என்றால் பதிவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நிலத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காட்டில் வழுக்கி விழுவது பெரிய விஷயம்.

அப்புறம், விளையாட்டும் நம்பிக்கையும் சேர்ந்த அமைப்புகளுக்கு அரசாங்கங்கள் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. 2005இல் கான்சாஸ் கல்வி வாரியத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தில் ஆரம்பித்த, மதத்தைக் கிண்டல் செய்யும் 'பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன்' கூட்டத்துக்கு நியூசிலாந்தில் திருமணம் நடத்தி வைக்கும் அனுமதி கிடைத்தது, 2016இல் முதல் திருமணமும் நடந்தது. நெதர்லாந்தில் 2018இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் இது மதம் இல்லை என்றது. மதம் என்று ஏற்கத் தேவையான தீவிரமும் ஒருங்கிணைப்பும் இதில் போதாது என்பது அதன் காரணம். பதிவுக்குப் போனால் ஒருநாள் உங்கள் விளையாட்டு எவ்வளவு தீவிரமானது என்று ஒரு அதிகாரிக்கு விளக்க வேண்டி வரும். ஈரப்பாசி, உங்கள் தயக்கம் அங்கே இருக்கிறதோ என்னவோ.

இன்னொன்று, இது எனக்குப் பிடித்த தகவல். உங்கள் மாநிலத்திலேயே ஸ்கமேனியா கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) 1969 ஏப்ரல் 1 அன்று சாஸ்க்வாட்சைக் கொல்வது குற்றம் என்று சட்டம் போட்டது. 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. 1984இல் தண்டனையைக் குறைத்துத் திருத்தினார்கள், ஆனால் பாதுகாப்பை எடுக்கவில்லை. நாள் ஏப்ரல் முதல் தேதிதான், சட்டம் உண்மையான சட்டம். துப்பாக்கியோடு காட்டைச் சுற்றும் கூட்டத்தால் மனிதர்கள் சுடப்படலாம் என்ற கவலையும் அதன் பின்னால் இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்காமலே ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்று ஒரு கவுன்டி காட்டியிருக்கிறது.

#7 நடுநிசி ஆந்தை

நம் மொழிக்கு இது புதிதில்லை. 'அணங்கு' என்ற ஒரு சொல் போதும். மலையில், சுனையில், மரத்தில் இருக்கும், வருத்தும், அழகாகவும் இருக்கும், இன்ன உருவம் என்று யாரும் அறுதியிட்டுச் சொன்னதில்லை. கொல்லிமலையில் தெய்வம் எழுதிய பாவையைச் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. அந்தப் பாவை உண்டா என்று அந்தப் பாடல்கள் கேட்பதில்லை. அவளைச் சொன்னால் மலை முழுக்க உயிர் வந்துவிடுகிறது, அதுதான் கணக்கு.

நீங்கள் சாஸ்க்வாட்சை நடுவில் வைத்திருப்பது எனக்கு உடனே புரிந்தது அதனால்தான்.

#8 கணக்குப்பிள்ளை

மர்லெட் கதை எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன், அசந்துபோனேன். நன்றி.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. குழந்தைகள் வருகிறார்கள் என்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தை "அது நிஜமாக இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரியவர்களுக்கு "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பது சுகமாக இருக்கும். குழந்தைக்கு நேரான பதில் வேண்டாமா? எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளிடம் பொய் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

#9 ஈரப்பாசி

இந்த ஞாயிறு கூட்டம் முடிந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை, குழந்தைகளிடம் நாங்களும் பொய் சொல்வதில்லை. கேட்டால் சொல்வது இதுதான்: "இதுவரை யாராலும் காட்ட முடியவில்லை. எனக்குத் தெரிந்தவரை விலங்காக அது இல்லை என்றே நினைக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் இருக்கிறது என்று நினைக்கிறார். நீ அவரையும் கேள்." குழந்தை போய்க் கேட்கும். இரண்டு பெரியவர்கள் வேறு வேறு பதில் சொல்லிவிட்டு, சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருமுறை எல்லோரிடமும் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். இருக்கிறது ஆறு, இல்லை ஒன்பது, தெரியாது ஏழு. "அப்போது தெரியாதுவும் ஒரு பதிலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றோம். கணக்கு பார்க்கிற பிள்ளை, உங்கள் மகளுக்கு அவளைப் பிடிக்கும்.

மழைக்குடை, உங்கள் கேள்வியை வட்டத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசினோம். முதல் விதியோடு இன்னொன்று சேர்ந்தது. நீ பார்த்தது உனக்கு, அதை வைத்து இன்னொருவரை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. பார்த்தேன் என்பவரின் சொல்லுக்குக் காது உண்டு, கட்டளைக்கு இடமில்லை. இதை முதலில் ஏற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? எங்களில் பார்த்ததாகச் சொல்லும் மூவரில் மூத்தவர். "நான் பார்த்தது என்னிடம் எதுவுமே சொல்லவில்லை, திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது, அதனால்தான் அதை மதிக்கிறேன்" என்றார்.

உங்கள் தங்கையோடு இப்போது பேச்சு உண்டா? சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

முகமூடி விஷயம்தான் கடினமாக இருந்தது. சொன்னதும் ஒருவர் அழுதுவிட்டார், அவர்தான் அந்த முகமூடியை வரைந்தவர். இன்னொருவர், இப்படிப் பார்த்தால் எதையுமே தொட முடியாது என்று கோபப்பட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பேசினோம். முடிவாக ட்ஸூனுக்வா முகமூடியை இனிச் செய்வதில்லை. குழந்தைகள் தாங்களாகக் கற்பனை செய்த முகத்தை வரையட்டும், அது அவர்களுக்கே இன்னும் சந்தோஷம். வட்டம் ஆரம்பிக்கும்போது 'சாஸ்க்வாட்ச்' என்ற சொல் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது என்று சொல்லிவிட்டு ஆரம்பிப்போம். அவர்களுடைய கதையை அவர்கள் சொன்னதாகவே சொல்வோம், எங்களுடையதாக மாற்றிச் சொல்ல மாட்டோம். மரத்தட்டும் பெரிய கால் நடையும் காலிக் கட்டையும் எங்களுடையவை, அவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. போதாது என்றால் சொல்லுங்கள்.

பதிவு செய்யும் யோசனை நின்றுவிட்டது. ஒற்றைத்தடம் சொன்ன காப்பீட்டை மட்டும் நிலத்துக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

#10 தேவதாரு

போதுமா என்று நான் சொல்ல முடியாது தம்பி, அது என் கதையும் இல்லை. ஆனால் அழுதவரையும் கோபப்பட்டவரையும் வட்டத்தை விட்டு அனுப்பாமல் பேசி முடித்தீர்களே, அது எனக்குப் பெரிய நிம்மதி.

வாய்ப்பு இருந்தால் ஹாரிசன் ஏரிப் பக்கம் போய் வாருங்கள். ஸ்டெஹேலிஸ் மக்கள் தாங்களே வெளியாட்களுக்குச் சொல்ல விரும்பிச் சொல்வதைக் கேளுங்கள். சாஸ்க்வாட்ச் நாட்கள் என்ற விழா 1938இலேயே அங்கே நடந்திருக்கிறது, இப்போது மறுபடியும் நடக்கிறது. அழைக்கிற இடத்துக்குப் போவது வேறு, எடுத்துக்கொண்டு வருவது வேறு.

#11 மழைக்குடை

பேசுகிறோம். போன மாதத்திலிருந்து. நன்றி.

#12 புதுவரவு

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். நான் சியாட்டில் பக்கம். எனக்குச் சாஸ்க்வாட்சிலும் நம்பிக்கை இல்லை, வேறு எதிலும் இல்லை. ஆனால் அந்தக் கட்டையில் ஒரு நாள் உட்கார வேண்டும் போல இருக்கிறது.

ஒரே சிக்கல், எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. உங்கள் கூட்டத்தில் எல்லாமே கேட்பதைப் பற்றியதாக இருக்கிறது. தட்டுகிறீர்கள், மௌனமாகக் கேட்கிறீர்கள், என்ன கேட்டது என்று பகிர்கிறீர்கள். எனக்கு எல்லா நேரமும் அந்தக் கால் மணி நேரம்தான். அங்கே நான் என்ன செய்வேன்? குறை சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#13 ஈரப்பாசி

இதை நாங்கள் யோசித்ததே இல்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று முதல் பதிவிலேயே எழுதியவன் நான். மன்னியுங்கள்.

உங்கள் கேள்வியை மரவெட்டிப் பெரியவரிடம் சொன்னேன். நாற்பது வருடம் இயந்திர ரம்பத்தோடு வேலை செய்து அவருக்கும் காது பாதி போய்விட்டது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். "நான் மூன்று வருடமாகக் காதால் கேட்கவே இல்லை, கட்டையில் கை வைத்துத்தான் கேட்கிறேன்" என்றார். நாங்கள் தட்டும் கட்டை அறுபது அடிக்கு மேல் நீளமுள்ள பழைய சிட்கா ஸ்ப்ரூஸ் மரம். ஒரு முனையில் தட்டினால் மறு முனையில் உள்ளங்கையில் அடிக்கிறது. நேற்றுப் போய்ச் செய்து பார்த்தேன். காதில் விழுவதைவிடத் தெளிவாக இருக்கிறது.

அடுத்த முறை எல்லோரும் கட்டையில் கை வைத்துக்கொண்டு உட்காருவோம், காது கேட்பவர்களும் சேர்த்து. பகிர்வதற்கு எழுதுபலகை இருக்கும். எங்களில் ஒரு செவிலியருக்குச் சைகை மொழி தெரியும். "என்ன கேட்டது" என்ற கேள்வியை "என்ன வந்தது" என்று மாற்றிவிட்டோம்.

நீர் புகாத காலணி போட்டு வாருங்கள். எல்க் மான்கள் இந்தப் பக்கம் அடிக்கடி வரும், பார்த்தால் 50 கஜமாவது தள்ளி நிற்க வேண்டும். வழியில் ஒரு பிரிவு குழப்பும், இடது பக்கம் திரும்புங்கள். நான் அன்று வலது பக்கம் போய்த்தான் பிந்தினேன்.

#14 புதுவரவு

போய் வந்தேன். வலது பக்கம்தான் போனேன். காலிக் கட்டையில் உட்கார வைத்தார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பாசி எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. பச்சையில் இத்தனை விதம் உண்டு என்று எனக்குத் தெரியாது. பெரியவர் மறுமுனையில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளங்கையில் வந்து முழங்கை வரை ஏறியது. என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் முழுக்க எனக்குத் தெரிகிற மாதிரி பேசியது அதுதான் முதல் தடவை.

அப்புறம் கால் மணி நேரம். மழைத்துளி கட்டையில் விழுவது ஒவ்வொன்றாகக் கையில் தெரிந்தது. முடியப் போகிற நேரத்தில் இன்னொன்று வந்தது. மழை மாதிரி இல்லை, மெதுவாக, ஒரே ஒரு தடவை. நிமிர்ந்து பார்த்தேன். பெரியவர் தடியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் யாரும் இல்லை.

பலகையில் அதை அப்படியே எழுதிக் காட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமி மட்டும் தலையை ஆட்டினாள்.

#15 கணக்குப்பிள்ளை

எந்தக் கையில் முதலில் வந்தது? சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

#16 புதுவரவு

இடது கையில். காட்டுப் பக்கம் இருந்த கை.